மதாம் வீட்டுச் சக்கரம்

காறை எலும்பு உடையாதவர்கள் யாரும் என்னிடம் வந்து, "அது சின்ன எலும்புதானே" என்று சொல்லக்கூடாது. எனக்குக் கெட்ட கோபம் வரும். அரியாங்குப்பம் பாலத்திலிருந்து இறங்குகிற இடத்தில் ஒரு பேருந்து என்னை உரசிக்கொண்டு போனது. உரசியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் என் ரேஸ் சைக்கிளும் சாலையோர மண்ணில் கிடந்தோம். சைக்கிளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவில் எலும்பு உடைந்து, தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் கையை மடக்கிக் கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு கூடும்வரை சாலையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். எப்போது கூடும் என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு, தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரத்தில் வந்து முடிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். வலியில் அழுகிறேன் என்று நர்ஸ் இன்னொரு ஊசி போட்டார்.

அந்தப் போட்டி எனக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி ஜூனியர் பெண்கள் சைக்கிள் அணிக்கு அதில் நான்கு பேரை எடுப்பார்கள். எடுபட்டால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஓட்டிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும். அது இல்லாமல் என்னுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு போனால் வாட்ச்மேன்கூட உள்ளே விட மாட்டான். பள்ளி முடித்து வீட்டில் சும்மா இருந்த வருடம் அது. அந்த வருடத்தோடு எனக்கு ஜூனியர் வயதும் முடிகிறது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால், அடுத்த முறையே கிடையாது என்று கத்துவேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிப் போனார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பார்க்க வந்தபோது ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட தோளை விட்டுவிட்டு என் காலைத்தான் பார்த்தார்.

"காலு நல்லாத்தானே இருக்குது? சைக்கிள ஸ்டாண்டுல நிறுத்தி ஊட்டுக்குள்ளயே மிதி. ஒரு கை போதும். கை கூடுறதுக்குள்ள காலு செத்துடக் கூடாது" என்றார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த படத்தையும் கொடுத்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குள் சைக்கிளை ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டி, வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் ஓர் உருளைமேல் உட்கார்ந்திருந்தது.

என் அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா பெரிய சமாச்சாரம்?" என்றார். நடக்காத காரியத்துக்கும் அவர் இதையேதான் சொல்வார் என்பதால் நான் நம்பவில்லை. ஆனால் மறுநாளே ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்டு வந்தது. வலை இழுக்கும்போது கயிறு அறுந்துவிடாமல் இருக்கப் படகின் ஓரத்தில் ஓர் இரும்பு உருளை வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் பொருத்தியிருந்தார். உருளையைச் சுற்றி ஒரு தோல் வாரும் போட்டார். வாரை இறுக்கினால் மிதிப்பது கடினமாகும், தளர்த்தினால் லேசாகும். நடுவீட்டில் டிவிக்கு எதிரே சைக்கிளை ஏற்றி, வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு மிதித்தேன். உடைந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம்கூட நீடிக்கவில்லை. ரேஸ் சைக்கிள் டயர் விரல் கனம்தான் இருக்கும். உப்புக் காற்றில் சொரசொரத்துப் போன அந்த உருளை டயரை அரைத்துத் தின்றது. கருப்புத் தூள் டிவிமேல், சாமி படத்துமேல், சோற்றுப் பானை மூடிமேல் படிந்தது. "ஊடா இது, கரி மூட்டக் கடையா?" என்று அம்மா துடைப்பத்தோடு நின்றாள். ஒருநாள் காலையில் பார்த்தால் டயரில் ரப்பர் போய் உள்ளே இருந்த துணி தெரிந்தது.

மாஸ்டர் யாரையோ பிடித்துச் சென்னையிலிருந்து ஒரு புது டயர் வரவழைத்தார். போட்டிக்கு அது ஒன்றுதான், அது போனால் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அது சாதாரண டயரைப்போல மாட்டிக் கழற்றுகிற டயர் இல்லை. ரிம்மோடு பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். நினைத்தபோது பிய்த்து, உருளைக்கு ஒரு டயர் சாலைக்கு ஒரு டயர் என்று மாற்ற முடியாது. டயரை ஒட்டிக் காயவைத்துவிட்டு மாஸ்டர் சொன்னார்: "உள்ள மிதிக்கறதுக்குத் தனியா ஒரு பின்சக்கரம் பாரு. இத உருள மேல ஏத்துன, நானே வந்து ஸ்டாண்ட ஒடச்சிடுவேன்."

தனியாக ஒரு பின்சக்கரம்! ரேஸ் சைக்கிள் சக்கரம் என்ன மார்க்கெட்டில் கூறு கட்டியா விற்கிறது? நகரத்தில் இருந்த எல்லாச் சைக்கிள் கடையிலும் ஏறி இறங்கினேன். எல்லாம் கனத்த சக்கரம், வேறு அளவு. ஒரு கடைக்காரர், "பாப்பா, கட்டு பிரிச்சிட்டு ஸ்கூட்டி ஓட்டேன்" என்றார். மழை வேறு பிடித்துக்கொண்டது. வீட்டில் சைக்கிள் முன்சக்கரம் மட்டும் மாட்டியபடி சுவரில் சாய்ந்து நின்றது. நான் அதன் எதிரே உட்கார்ந்து தொடையை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். நாளுக்கு நாள் இளகிக்கொண்டே போவதாகத் தோன்றும். பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

கடைசியில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். அம்மா துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து நகரத்தில் வாடிக்கை வீடுகளுக்குக் கொடுப்பாள். அதில் ஒன்று, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவரின் வீடு. அவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி மட்டும் இருந்தார். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும்.

"மதாம் ஊட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு சக்கரம் தொங்குதுடி. நீ சொல்றாப்பல ஒல்லியா, பல்லு பல்லா வச்சிருக்குது" என்றாள் அம்மா, வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக்கொண்டே. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் எகிறினேன். "நீ யாரயாச்சும் பேச வுட்டியா?" என்றாள்.

மதாம் சக்கரத்தை எடுத்துத் தரும்முன் என்னை உட்காரவைத்து அதன் பெருமையைச் சொன்னார். "இது என் மகன் லிசே ஸ்கூல்ல படிக்கும்போது ஓட்டுன வேலோ சைக்கிளோட சக்கரம். சுத்தமான பிரான்சு சாமான். இந்த ஊர் சாமான் மாதிரி இல்ல, பாப்பா. ஜூலை லீவுக்கு அவன் வருவான், அதுக்குள்ள அப்படியே திருப்பிக் குடுத்துடணும்" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவர் என் காதை அறுத்துக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். மழையில் சக்கரத்தைத் துணியில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நல்ல சக்கரம்தான். ரிம்மில் கோட்டம் இல்லை. டயர் பழையது, ஆனால் தடியானது, உருளைக்குத் தாங்கும். பல்சக்கரங்கள் சேர்ந்து இருக்கிற ஃப்ரீவீல் மட்டும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அப்பா அதை அடித்து, எண்ணெய் விட்டு, திட்டிக் கழற்றினார். அதற்குப் பதிலாக மாஸ்டர் தன்னிடம் இருந்த பழைய ஃப்ரீவீல் ஒன்றைத் தந்தார். அதைச் சக்கரத்தின் திருகு மரையில் வைத்துச் சுற்றினால் கையாலேயே சுலபமாக ஏறியது. ஏறியபின் லேசாக ஆடியது.

இந்த இடத்தில்தான் நாங்கள் புதுச்சேரிக்காரர்கள் என்பது தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற பழைய பைப்பில், கடையில் வாங்கிய புதுக் குழாய் சரியாகப் பொருந்தாது. மரை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதற்காக யாரும் சுவரை உடைப்பதில்லை. மரையில் நூலைச் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் தடவி, குழாயை முறுக்கி ஏற்றிவிடுவார்கள். இளவயதில் அப்பாவும் எத்தனையோ வீடுகளில் அப்படிச் செய்தவர். ஒழுகினால் இன்னும் நாலு சுற்று. இங்கே எல்லோரும் அப்படித்தான். அப்பா சக்கரத்தைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு மரையில் நூலைச் சுற்றினார், பெயிண்ட் தடவினார், ஃப்ரீவீலை ஏற்றினார். ஆட்டம் நின்றுவிட்டது.

"பிரான்சு சாமான், பாத்தியா? எப்படிக் கவ்விக்கினு நிக்குது" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

சக்கரத்தின் அச்சு என் சைக்கிளுக்கு ஒரு நூல் அளவு குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் வாஷர் சேர்த்துச் சரிசெய்தார். செயின் பல்லில் ஏறி இறங்குவதற்குக் கியர் திருகை நான் இடமும் வலமுமாகத் திருப்பி ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். புது டயர் ஒட்டிய நல்ல சக்கரத்தைப் பீரோ மேல் வைத்து அம்மாவின் பழைய புடவையால் மூடினோம். மறுபடி மிதிக்க ஆரம்பித்தேன். வெளியே மழை, உள்ளே என் உருளைச் சத்தம். டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று அம்மாவுக்குக் கேட்காது. ஆனால் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. கால் இறுகி வந்தது. ஒருநாள் மாஸ்டர் வந்து நின்று பார்த்தார். "வந்துடும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. வாரை நன்றாக இறுக்கிவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். கடைசி ஓட்டத்தில் அப்படித்தான் எழுந்து மிதிக்க வேண்டும். திடீரென்று காலுக்கடியில் ஒன்றுமே இல்லாமல் போனது. பெடல் வெறுமனே சுழன்றது, நான் முன்னால் சரிந்தேன். ஹேண்டில்பார் நேராக அந்த எலும்பின்மேல் இடித்தது. உள்ளே ஏதோ நகர்ந்ததை உணர்ந்தேன். தரையில் உட்கார்ந்து கையில் அகப்பட்ட துணியைக் கடித்துக்கொண்டு அழுதேன். எலும்பு திரும்ப உடைந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் தோன்றியது. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் எல்லாம் முடிந்தது.

அப்பா வந்ததும், "பெடல் சும்மா சுத்துதுப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் கழற்றிப் பார்த்தார். ஃப்ரீவீலுக்குள்ளிருந்து நூல் பந்தாக வந்தது. நூலோடு வெள்ளை வெள்ளையாக உலோகச் சீவல். சக்கரத்தின் மரை பாதிக்குமேல் வழித்தெடுத்தாற்போல் மழுங்கியிருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"மரையே வேற. பிரான்சு மரை. நம்ம ஃப்ரீவீலு இதுல எங்க நிக்கும்? தண்ணிக் கொழாய்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "நீ வுழலையே?"

"இல்லப்பா. ஒக்காந்துதான் மிதிச்சேன்."

அப்பாவுக்கு ஒரு வழிதான் தோன்றியது. படகின் அடியில் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடி கழன்று கடலோடு போய்விடாமல் இருக்க, அதற்கும் அச்சுக்கும் இடையில் ஓர் இரும்புத் துண்டை அடித்து இறக்குவார்கள். அதைச் சாவி என்பார்கள். அதேபோல ஃப்ரீவீலும் சக்கரமும் சேருகிற கோட்டில் துளை போட்டுச் சாவி இறக்கினால், மரை இல்லாவிட்டாலும் நழுவாது. "ஆனா ஒரு தபா அடிச்சா அப்பால கழட்ட முடியாது. மதாமாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடு" என்றார்.

வலியோடு போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் மதாம், மாடிப்படிக்குக் கீழே காலியாக இருந்த ஆணியை ஒருமுறை பார்த்தார். "அலோர்... அவன் பாரீசுல கார் வாங்கிட்டானாம். போன் பண்ணான். ஜூலைக்கும் வரலயாம்" என்றார். பிறகு அவருடைய பழைய குரல் திரும்பிவிட்டது. "அடிச்சுக்கோ பாப்பா. ஆனா ஒண்ணு, சக்கரத்துல தப்பு இல்ல. உங்க ஃப்ரீவீல்லதான் தப்பு." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

அப்பா அடித்த சாவி அசையவே இல்லை. நான்தான் அசையும்போதெல்லாம் செத்தேன். கை எப்படியும் கட்டுக்குள்தான் இருந்தது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலை பின்னுவதும் சட்டை மாட்டுவதும் அம்மாதான். கட்டுப் பிரிக்கிற நாளில் தனியாகப் போய்வருகிறேன் என்று கிளம்பி, ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். "நல்லா கூடிடுச்சாம்" என்று சொல்லிக் கட்டை நானே பிரித்துப் போட்டேன். அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். இன்றைக்குத் திரும்ப அந்த வயதுக்குப் போனாலும் அதையேதான் செய்வேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யாராவது சொல்லட்டும்.

போட்டி, பிள்ளைச்சாவடி தாண்டிப் போகிற கடற்கரைச் சாலையில். காலையில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஓட்டுவதற்குமுன் உடம்பைச் சூடேற்ற வேண்டும் என்று, மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அப்பா ஸ்டாண்டையும் கொண்டுவந்திருந்தார். சாலையோர மணலில் அதை நிறுத்தி, மதாம் வீட்டுச் சக்கரத்தோடு சைக்கிளை ஏற்றினோம். நல்ல சக்கரத்தைச் சவுக்கு மரத்தில் சாய்த்துவைத்தார் அப்பா. புது டயரில் இருக்கிற குட்டி ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. நான் மிதித்தேன். என் கால்கள் அவ்வளவு பலமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, அதற்குப் பின்னும் இருந்ததில்லை. மற்ற பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மாஸ்டர் வந்தார். "போதும், சக்கரத்த மாத்து" என்றவர், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல நின்றார். "ரெண்டு கையயும் மேல தூக்கு."

வலது கை போனது. இடது கை மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தூக்கினேன். அதற்குமேல் ஏறவில்லை. வலது கையால் அதைப் பிடித்து மேலே தள்ளினேன்.

"வுடு" என்றார் மாஸ்டர். அருகில் வந்து சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "எறங்கு."

"காலு நல்லா இருக்குது மாஸ்டர். நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். ரோட்டுல நீ ஒருத்தி மட்டும் இல்லமா. நீ தடுமாறுனா பின்னாடி வர்ற அத்தன பேரும் வுழுவாங்க." அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. அவர்மேல் கோபப்பட முயன்றேன். அதற்குக்கூட நியாயம் இல்லை.

அப்பா என் தோளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஸ்டாண்டில் இருந்த சக்கரத்தைப் பார்த்தார். எந்த மத்தியானம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "ஒக்காந்துதான் மிதிச்சேன்னியே" என்றார்.

விசில் ஊதியது. எல்லோரும் கிளம்பிப் போனார்கள். செயின்களின் சத்தம் கொஞ்சதூரம் கேட்டது, பிறகு அலைச் சத்தம் மட்டும். நான் திரும்ப ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியாது. இறங்கினால் அத்தோடு சரி என்பது மட்டும் தெரிந்தது. கூடையோடு பஸ்சுக்கு நின்ற மீன்காரப் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். ஸ்டாண்டு மணலில் ஆடியது. அப்பா என்னை நிறுத்தத்தான் வந்தார். கிட்டே வந்ததும், என்ன நினைத்தாரோ, ஸ்டாண்டின் கால்மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"இன்னும் இறுக்குப்பா" என்றேன்.

அவர் குனிந்து வாரை இறுக்கினார். இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன். சாவி பிடித்தது. போனவர்கள் எல்லைக்கல்லைச் சுற்றித் திரும்பி வந்து, ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. சவுக்கு மரத்தடியில் நல்ல சக்கரம், டயரில் ஒரு முடிகூடத் தேயாமல், வைத்த இடத்தில் இருந்தது.